மாஸ்கோவில் கோட்டு சூட்டு, கணக்கில் மட்டும் கோப்பையா?

கறார் கந்தசாமி:
பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் ஆசியர் பார்க் ஜி-சுங். சன் ஹியுங்-மின் எத்தனை கோல் போட்டாலும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது." இருவரும் தென் கொரியக் கால்பந்து வீரர்கள்; சாம்பியன்ஸ் லீக் ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சக் கோப்பை. படித்ததும் காலைக் காபி கசந்துவிட்டது. ஐயா, 2008 மே 21, மாஸ்கோ. பைனலில் செல்சியை பெனால்டியில் பார்க்கின் அணியான மான்செஸ்டர் யுனைடெட் வென்ற இரவு. களத்தில் 11 பேர், மாற்று வீரர்களாகப் பெஞ்சில் 7 பேர். அந்த 18 பேரில் பார்க் இல்லை. சில்வெஸ்டருக்குக்கூட பெஞ்சில் இடம் இருந்தது. கோட்டு சூட்டு போட்டு மேலே உட்கார்ந்து பார்த்தவர் வென்றவர் என்றால், நள்ளிரவில் டிவி முன்னால் கண்விழித்த நானும் வென்றவன்தான்.

ஓல்டு டிராஃபோர்டு ராஜா:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ரோமாவுடன் காலிறுதி இரண்டு ஆட்டம், பார்சிலோனாவுடன் அரையிறுதி இரண்டு ஆட்டம். நான்கிலும் முதல் நிமிடத்திலிருந்து ஆடியவர் பார்க். பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் 0-0 என்று தாக்குப்பிடித்ததில் அவர் ஓட்டத்துக்குப் பங்கில்லையா? பைனலில் அவரை விட்டு ஹார்கிரீவ்ஸை இறக்கியது பயிற்சியாளர் பெர்குசனின் முடிவு. அதற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். சமைத்தவனைப் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்பதால், அவன் சமைக்கவே இல்லை என்பீர்களா?

கறார் கந்தசாமி:
சமையல் உவமை பிரமாதம். 18 பேரில் இருந்தாரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான் கேள்வி.

சுவோன்வாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது பார்க் இல்லை, "பாக்". கொரிய எழுத்தில் நடுவில் "ர்" கிடையாது, ஆங்கிலத்தில் எழுதும்போது நுழைந்தது. அவர் வளர்ந்த சுவோன் நகரத்தில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தவன்.

கறார் கந்தசாமி:
பாக்கோ பார்க்கோ, 18 பேரில் இல்லை.

மூன்றாம் நுரையீரல்:
கந்தசாமி சார், 1999 சாம்பியன்ஸ் லீக் பைனலில் ராய் கீனும் ஸ்கோல்ஸும் ஆடினார்களா? அவர்களும் கோட்டு சூட்டில்தான் இருந்தார்கள். அவர்களை யுனைடெட்டின் மூன்று கோப்பை வருடத்திலிருந்து வெட்டிவிடுவீர்களா?

கறார் கந்தசாமி:
தம்பி, அவர்கள் மஞ்சள் அட்டை வாங்கித் தடையில் இருந்தவர்கள். பார்க்குக்கு என்ன தடை? காயமா? இல்லை. அட்டையா? இல்லை. பயிற்சியாளர் 18 பேரை எண்ணினார், இவரை எண்ணவில்லை.

மூன்றாம் நுரையீரல்:
ஆக, தடை வாங்கி உட்கார்ந்தவன் வென்றவன், ஒழுங்காக ஆடி ஓரங்கட்டப்பட்டவன் வெல்லாதவன். நல்ல நியாயம் சார்.

சன்னின் தங்கை:
அது போகட்டும். சன்னை ஏன் இழுத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? 2021-22 பிரீமியர் லீகில் 23 கோல், தங்கக் காலணி. பார்க் ஏழு வருடம் யுனைடெட்டில் இருந்து எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 27 கோல். நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஓல்டு டிராஃபோர்டு ராஜா:
ஃபார்வர்டையும் மிட்ஃபீல்டரையும் கோல் எண்ணி ஒப்பிடுவது, தவில்காரரிடம் "நீ ஏன் பாடவில்லை" என்று கேட்பது மாதிரி. 2010-இல் மிலனுடன் இரண்டு ஆட்டமும் அவர்களின் நடுக்கள மூளை பிர்லோவுக்குப் பின்னால் நிழல் மாதிரி சுற்றினார். அவரை மூச்சுவிட விடவில்லை. பிர்லோ தன் சுயசரிதையிலேயே அதைப் புலம்பி எழுதினார். எங்கள் சொந்த மைதானம் ஓல்டு டிராஃபோர்டில் 4-0. அதில் ஒரு கோலும் பார்க்குடையது. அப்புறம் தங்கையே, சன்னின் ஒரே ஐரோப்பியக் கோப்பை 2025 யூரோப்பா லீக், அதாவது சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைக் கோப்பை. அந்த பைனலில் அவர் தொடக்க 11-இல் இல்லை, 67-ஆவது நிமிடத்தில்தான் வந்தார். அதுவும் மே 21. தேதியைக் கவனியுங்கள்.

சன்னின் தங்கை:
வந்தாரே! கோட்டு போட்டுக்கொண்டு வரவில்லையே! அன்று தோற்றது யார், உங்கள் யுனைடெட்தானே?

கறார் கந்தசாமி:
தங்கை சரியாகப் பிடித்தார். 67-ஆவது நிமிடம் என்றாலும் பட்டியலில் பெயர் இருந்தது. மாஸ்கோவின் 18 பேரை மறக்க வேண்டாம்.

நடுநிலை நாகப்பன்:
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2009 ரோம் பைனலில் பார்க் தொடக்கத்திலேயே ஆடினார். சாம்பியன்ஸ் லீக் பைனலில் இறங்கிய முதல் ஆசியர். 2011 வெம்ப்ளியிலும் ஆடினார். அதைப் பேசலாமே?

கறார் கந்தசாமி:
பேசலாம். இரண்டிலும் பார்சிலோனாவிடம் தோல்வி. ஆடிய பைனலில் தோல்வி, வென்ற பைனலில் ஆடவில்லை. என் வாதத்துக்குச் சாட்சி சொன்ன நாகப்பனுக்கு நன்றி.

நடுநிலை நாகப்பன்:
நான் அப்படிச் சொல்லவில்லை. போன வருடம் ஆஃப்சைடு திரியிலும் என் வாயில் இப்படித்தான் வார்த்தையைத் திணித்தீர்கள். அதற்கு இன்றுவரை மன்னிப்பு வரவில்லை.

பழைய இத்தாலி ரசிகன்:
2002 உலகக் கோப்பையை யாரும் பேசவில்லையே? போர்ச்சுகலுக்கு எதிராக அவர் போட்ட கோலைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஜோவாவ் பின்டோ சிவப்பு அட்டை, பெட்டோ சிவப்பு அட்டை. ஒன்பது பேரை எதிர்த்து அடித்த கோல். அடுத்து எங்கள் இத்தாலியின் டோட்டியை வெளியேற்றிய எக்வடார் நடுவர்... சரி, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

சுவோன்வாசி:
ஒன்பது பேரோ தொண்ணூறு பேரோ, அந்தக் கோலைப் பாருங்கள். பந்தை மார்பில் வாங்கி, வலது காலால் கான்செய்சாவுக்கு மேலே தட்டி, இடது காலால் கோல்கீப்பர் பாயாவின் கால்களுக்கு நடுவே அடித்தார். அடுத்த நொடி பயிற்சியாளர் ஹிடிங்க் மேல் குழந்தை மாதிரி பாய்ந்து ஏறினார். வயது 21. 2006-இல் பிரான்சுக்கு எதிராக, 2010-இல் கிரீஸுக்கு எதிராக. மூன்று உலகக் கோப்பையிலும் கோல் போட்ட பாக் அவர். தட்டைப் பாதம், அதோடு முழங்கால் அறுவை சிகிச்சைகள் வேறு. 100 ஆட்டம் முடித்து 2011-இல் தேசிய அணியை விட்டார். 2014-இல் அந்த முழங்காலால்தான் ஆட்டத்தையே விட்டார்.

பழைய இத்தாலி ரசிகன்:
100 ஆட்டத்தில் ஆசியக் கோப்பை எத்தனை?

சுவோன்வாசி:
இல்லை. ஆனால் ஜப்பானின் கியோட்டோ கிளப்புக்குப் பேரரசர் கோப்பை வாங்கிக் கொடுத்தார், பைனலில் கோலும் போட்டார். 2005 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நெதர்லாந்தின் பிஎஸ்வி கிளப்புக்காக மிலன் வலையில் அடித்ததைப் பார்த்துத்தான் பெர்குசன் கூப்பிட்டார்.

கறார் கந்தசாமி:
கூப்பிட்டார், சரி. மாஸ்கோவுக்கு 18 பேரைக் கூப்பிட்டபோது?

ஓல்டு டிராஃபோர்டு ராஜா:
உங்களுக்கு 18 என்ற எண் ஜாதகத்திலேயே இருக்கிறதா சார்? யுனைடெட்டின் 2008 பட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூயேஃபாவுக்கு இல்லாத சந்தேகம் உங்களுக்கு ஏன்?

கறார் கந்தசாமி:
யூயேஃபா இந்தத் திரியில் உறுப்பினர் இல்லை. நான் இருக்கிறேன். கடைசியாகக் கேட்கிறேன்: அந்த 18 பேரில் பார்க் இருந்தாரா?

சுவோன்வாசி:
பாக்.