புதுப்பிப்பு: சட்டம் + குற்றவியல் இரட்டைப் பட்டம்

சட்டத்தோடு குற்றவியலையும் (criminology, குற்றங்கள் ஏன் நடக்கின்றன என்று ஆராயும் துறை) சேர்த்துப் படிக்கலாமா, சுமை தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன், முதல் ஆண்டும் முடிந்தது. சுமை உண்டு, ஆனால் தாங்கலாம். ஒரு பட்டத்தின் பாடங்கள் மற்றதன் விருப்பப் பாடங்களாகக் கணக்கில் வருவதால், தனித்தனியாகப் படிப்பதைவிடக் காலமும் குறைகிறது.

எனக்குப் பிடித்துப்போனது இரண்டும் மோதும் இடம்தான். ஒரு திருட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது நேர்மையற்ற எண்ணம் இருந்ததா, அதை எப்படி நிரூபிப்பது என்று சட்ட வகுப்பு கேட்கும். அந்த வயதில், அந்தச் சூழலில் ஏன் நடந்தது, யார் மட்டும் அகப்படுகிறார்கள் என்று குற்றவியல் கேட்கும். 'மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும்' என்று தண்டனையைக் கூட்டும் தீர்ப்பைப் படித்த கையோடு, தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடுவது உறுதி என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764-லேயே இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா வாதிட்டதைப் படித்தேன். இன்றைய ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். அப்புறம் எந்தத் தீர்ப்பையும் பழையபடி படிக்க முடியவில்லை.

சேரப்போகிறவர்களுக்கு ஒன்று: புள்ளியியல் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். குற்றவியல் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன. வழக்கறிஞராகும் தகுதியைத் தருவது சட்டப் பட்டம் மட்டுமே, அதையும் மனதில் வையுங்கள்.