ஹொபி கராஜுக்குத் தமிழ்: முறைப்பாட்டுப் பட்டியலில் என்ன போடலாம்?

பாலையூற்றிலிருந்து

மடற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளூராட்சிச் சபைகளுக்கு இணையவழியில் முறைப்பாடு அனுப்பும் திறந்தமூலச் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். குப்பை, தெருவிளக்கு, வடிகான், கட்டாக்காலி மாடு எல்லாம் இலகுவாகப் போய்விட்டன. (எங்கள் ஊருக்காக மானையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திருகோணமலையில் மான்கள் தெருவில் திரிவதை வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.)

மாட்டிக்கொண்டது ஒரே சரத்தில் (திரையில் வருகிற சொற்றொடரில்): 'ஹோம் ஹொபி கராஜ்'. தொழிலாக இல்லாமல், தன் ஆசைக்கு, வீட்டு வளவில் ஒரு கூரையைப் போட்டுப் பழைய காரையோ மோட்டார் சைக்கிளையோ கழற்றிப் பூட்டுகிற இடம். அயலவர் முறைப்பாடு செய்யும் வகைகளில் ஒன்றாக அது வருகிறது. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பக்கத்திலும் இன்னொரு தடவை வருகிறது. என் வரைவு 'பொழுதுபோக்கு வாகனக் கூடம்'. அதை வாசித்துவிட்டு அம்மா, "அது என்ன பிள்ளை, படம் காட்டுற இடமா?" என்று கேட்டா.

கைபேசித் திரையில் நீளம் கூடினால் கடைசிச் சொல் வெட்டுப்படும். அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

'பொழுதுபோக்குப் பணிமனை' எப்படி? பணிமனை ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். பேருந்துப் பணிமனை என்று தினமும் சொல்கிறோம்.

நிலாவெளியிலிருந்து

தங்கச்சி, கராஜ் என்றே போடுங்கோ. யாருக்கு விளங்காது? பணிமனை என்றால் இங்கே அலுவலகம். கல்விப் பணிமனை, சுகாதாரப் பணிமனை. 'பொழுதுபோக்குப் பணிமனை' என்று எழுதினால் அரசாங்க உத்தியோகத்தரைக் கிண்டல் பண்ணுவதாக நினைப்பார்கள்.

உவர்மலையிலிருந்து

பிள்ளை, தம்பி சொல்கிற மாதிரி கராஜ் எல்லோருக்கும் விளங்கும். அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன்.

நம்முடைய பேச்சில் கார் நிறுத்துகிற இடம் போர்ட்டிக்கோ அல்லது தரிப்பிடம். கராஜ் என்றால் ஒரு மெக்கானிக்கும் இரண்டு பொடியன்களும் கூலிக்கு வாகனம் திருத்துகிற இடம். அந்தச் சொல் முறைப்பாட்டின் தலைப்பில் ஏறினால், அதைப் பிரிக்கிற உத்தியோகத்தர் உடனே மூன்று கேள்வி கேட்பார். வியாபார அனுமதிப்பத்திரம் எங்கே? சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எங்கே? குடியிருக்கவென்று அனுமதி எடுத்த கட்டடத்தை யாரைக் கேட்டு வணிகத்துக்கு மாற்றினீர்கள்? கராஜ்காரரிடம் கேட்க மூன்றுமே நியாயமான கேள்விகள். சொந்த மொரிஸ் மைனர் காரைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிற மனிதரோ, தான் வியாபாரி இல்லை என்று நிரூபிப்பதிலிருந்து தொடங்க வேண்டி வரும். சபை விசாரிக்க வேண்டிய விஷயத்தைப் பட்டியலே தீர்த்துவைக்கக் கூடாது.

நான் ஒரு சபையில் கட்டட வரைபடம் பார்க்கிற வேலையில் இருந்தவன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு பழைய வண்டிக்கு ஒரு மவுசு வந்தது. மூலையில் கோழி அடைந்து கிடந்த ஒஸ்டின் எல்லாம் எழும்பி நின்றன. இங்கே கடற்காற்று வேறு. மட்கார்ட்டின் விளிம்பும் காலடித் தகடும்தான் முதலில் உப்பிப் பொருக்காகும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். ஆகவே திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர் துடைத்து மினுக்குபவராக மட்டும் இருக்க முடியாது. தகடு வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், ஒட்டியதைத் தேய்க்க வேண்டும். முறைப்பாடு வருவது காரினால் அல்ல, தகடு தேய்க்கிற கிரைண்டரினால்.

இனி 'பொழுதுபோக்கு'. அது செய்பவரின் மனதில் இருக்கிற விஷயம். மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தையைத் தூங்க வைக்கிறவருக்கு அது கேட்காது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் அந்த மனதைப் பார்ப்பதில்லை. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதியில் 55, 45. அளப்பது சத்தம் எழும் காணியின் எல்லையில். நான் இருக்கிற உவர்மலைக்கும் குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வருகிற நிலாவெளிக்கும் பகலில் எட்டு டெசிபெல் வித்தியாசம். பத்துக் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும் என்பார்கள், ஆகவே எட்டு சின்னக் கணக்கல்ல.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த விதிகளில் பகல் என்பது காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான். கூலிக்கு வேலை செய்கிற கராஜ் அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் பூட்டிவிடும். ஆசைக்குச் செய்கிறவர் எப்போது தொடங்குவார்? கந்தோரால் வந்து, தேத்தண்ணி குடித்து, வெயில் தாழ்ந்த பிறகு. சட்டப்படி அது இரவு. ஒரு மீற்றர் தூரத்தில் 95 டெசிபெல் போடுகிற கிரைண்டர் திறந்தவெளியில் எட்டு மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய 77 இல் நிற்கும். பத்துப் பேர்ச் வளவில் அதைவிடத் தூரம் போக எங்கே இடம்? விட்டுவிட்டுத் தேய்த்தால் சராசரி கொஞ்சம் குறையும், ஆனால் 50க்கு இறங்க நிறையக் குறைய வேண்டும். ஆகவே 'பொழுதுபோக்குத்தானே' என்பது இங்கே சலுகை அல்ல. நேரத்தைப் பார்த்தால் அதுவே வினை.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். முறைப்பாட்டுப் பட்டியலில் வெறுமனே 'வீட்டுப் பட்டறை'. கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் சொல்கிறது: வீடு, அதில் ஒரு பட்டறை. விண்ணப்பப் பக்கத்தில் நோக்கமும் தெரிய வேண்டும் என்பதால் 'சொந்தப் பாவனைப் பட்டறை'. சொந்தப் பாவனைக்கு என்று எத்தனையோ படிவத்தில் எழுதிப் பழகிய சனம் நாங்கள்.

'கொட்டில்' என்றும் யோசித்தேன். அழகான சொல், ஆனால் அதைக் கேட்டவுடன் 'கொட்டில்தானே, எதற்கு அனுமதி?' என்று ஒரு நினைப்பு வரும். நாலு தூணும் தகரமும் என்றாலும், நிலையாக நிற்கப் போகிறதென்றால் வரைபடம் கொடுக்கத்தான் வேண்டும். வீதிக்கோடு, கட்டடக்கோடு (வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்கிற எல்லைகள்), பின்புறத் திறந்தவெளி எல்லாம் அதற்கும் உண்டு. எல்லை மதிலில் அப்படியே கூரையைச் சாய்த்து, மழைத்தண்ணீரை அயலவரின் வளவுக்குள் விழுத்துகிறவர்கள் எத்தனை பேர்! மாரி தொடங்கினால் அரைவாசிச் சண்டை அதுதான், கிரைண்டர் அல்ல.

சென்னையிலிருந்து

ஐயா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. உங்கள் ஊரில் ஆறு மணிக்கே இரவு என்றால் நாங்கள் எல்லோரும் தினமும் குற்றவாளிகள்.

வீட்டுப் பட்டறை எனக்குச் சம்மதம். பணிமனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 'சொந்தப் பாவனைப் பட்டறை' இங்கே ஓடாது. எங்களுக்குப் பாவனை என்றால் பாசாங்கு, முகபாவம். நடிப்புச் சொல்லித் தருகிற இடம் என்றுதான் நினைப்பார்கள். 'சொந்தப் பயன்பாடு' என்று மாற்றலாமா?

நிலாவெளியிலிருந்து

பட்டறை என்றால் பயிற்சிப் பட்டறை இல்லையா? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்த பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை. கோப்பும் பேனையும் மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். வீட்டுப் பட்டறை என்று போட்டால் சனம் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும்.

பகிடி ஒருபுறம் இருக்கட்டும். என்னிடமும் ஒரு பழைய ஹொண்டா கழற்றியபடி கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையில் சத்தத்துக்காக யாரும் வந்ததில்லை. வந்தவர் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). கேட்டது ரயரை. அதற்கும் பட்டியலில் இடம் இருக்கிறதா?

உவர்மலையிலிருந்து

ரயரைக் கேட்டால் தம்பி கோபிக்கக் கூடாது. 2017 இல் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். வெளியில் கிடக்கும் ரயரில் ஒரு கோப்பைத் தண்ணீர் நின்றால் போதும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் அதற்குத் தனியாகவே வழக்குப் போடலாம். அடுக்கித் தரப்பாளால் மூடுங்கோ, அல்லது கூரைக்குக் கீழே எடுங்கோ.

இந்தக் கேள்வியிலிருந்து எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. முறைப்பாடு செய்கிறவரிடம் இடத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. பட்டறைக்குக் கீழே என்ன கரைச்சல் என்று கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போகிற கதவு வேறு. சத்தம், பெயின்ற் மணம், கழிவு ஒயில், தேங்கிய தண்ணீர், எல்லை மீறிய கூரை. ஒயிலை நான் இரைச்சலுக்கு மேலே வைப்பேன். எங்களுடையது மணல் நிலம். இன்றைக்கு ஊற்றினால் என்றைக்கோ ஒருநாள் பக்கத்துக் கிணற்றில் மினுங்கும். சத்தம் நின்றால் நின்றது, கிணறு அப்படி இல்லை.

இந்த ஐந்துக்கும் பொதுத் தலைப்பாக 'தொல்லை' போதும். பொதுத் தொல்லை என்பது இரண்டு கரையிலும் சட்டத் தமிழில் பழகிய தொடர். கரைச்சல் வீட்டில் பேச நல்லது, நீதவானுக்கு முன்னால் போகிற கடதாசியில் நிற்காது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் நீதவான் தொல்லையை அகற்றச் சொல்லி நிபந்தனைக் கட்டளை போடலாம் என்றிருக்கிறது. அந்த அளவுக்குப் போகக்கூடிய சொல் என்பதால் 'தொந்தரவு', 'அசௌகரியம்' என்று மெலிதாக்க வேண்டாம்.

பாவனை விஷயத்தில் சென்னை ஐயா சொல்வது நியாயம். பயன்பாடு எங்களுக்கும் விளங்கும், ஆனால் விண்ணப்பத்தில் எழுதுகிற சனத்தின் கைக்கு வராது. 'சொந்தத் தேவைக்கு' என்றால் இரண்டு பக்கமும் ஓடும். அதைச் சொல்லோடு ஒட்டவும் வேண்டாம். வீட்டுப் பட்டறை என்று ஒரு சொல், அதற்குக் கீழே இரண்டு கட்டம்: சொந்தத் தேவைக்கு, கூலிக்கு. விண்ணப்பகாரர் ஒன்றில் அடையாளமிடட்டும். அயலவரின் முறைப்பாட்டுப் பக்கத்தில் அந்தக் கட்டங்களே வேண்டாம். அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை, தெரிந்த மாதிரி எழுதினால் பொல்லாப்பு.

பயிற்சிப் பட்டறைக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதில் 'பயிற்சி' இருக்கும். கொல்லன் பட்டறை அதற்கு முந்தியது.

பாலையூற்றிலிருந்து

நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். கட்டி முடித்த பிறகு சபை தருகிற சான்றிதழுக்கு 'இணக்கச் சான்றிதழ்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

உவர்மலையிலிருந்து

சரி, ஆனால் ஒரு சின்ன விளக்கம் கூடவே போடு பிள்ளை. மத்தியஸ்த சபையைச் சனம் இணக்க சபை என்றும் சொல்வதால், இந்தச் சான்றிதழையும் அந்தப் பக்கத்து விஷயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையும் ஒட்டி, "இந்தாங்கோ ஐயா இணக்கச் சான்றிதழ்" என்று என் மேசையில் வைத்தார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம், பிறகு சபைக்கு என்ன வேலை என்பது அவருடைய நியாயம். அனுமதித்த வரைபடத்துக்கு இணங்கக் கட்டியிருக்கிறார் என்று சபை சொல்வதுதான் அந்தக் கடதாசி. அயலவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 'வரைபட இணக்கச் சான்றிதழ்' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது.

அயலவரோடு பேசி முடிக்கிறதென்றால் அதற்கு 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைத்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. உதவிப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி, பேச்சுவழக்குப் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடு. என்ன நேரத்தில் கிரைண்டர் ஓடலாம், ஞாயிறு வேண்டாம், பெயின்ற் அடிக்கிற அன்று முதல்நாளே சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒப்பந்தமெல்லாம் அங்கேதான் வரும். சபை உத்தியோகத்தரால் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது அனுமதி உண்டு, இல்லை.

பாலையூற்றிலிருந்து

பதிந்துவிட்டேன்:

முறைப்பாட்டுப் பட்டியலில் 'வீட்டுப் பட்டறை'. அதைத் தொட்டால் 'என்ன தொல்லை?' என்று திறந்து, ஐயா சொன்ன ஐந்தும் வரும். விண்ணப்பத்தில் அதே சொல், கீழே 'சொந்தத் தேவைக்கு', 'கூலிக்கு'. சான்றிதழ் 'வரைபட இணக்கச் சான்றிதழ்'. சிறிய திரையில் இது மட்டும் கொஞ்சம் வெட்டுப்படுகிறது, எழுத்தளவைக் குறைத்துப் பார்க்கிறேன்.

'சேஞ்ச் ஒஃப் யூஸ்' (ஒரு தேவைக்கு அனுமதி எடுத்த கட்டடத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது) இன்னும் மிச்சம். 'பாவனை மாற்றம்' என்று எழுதிவிட்டு, சென்னை அண்ணா என்ன நினைப்பாரோ என்று கையை எடுத்துவிட்டேன். அதற்குத் தனி மடல் தொடங்குகிறேன்.

நிலாவெளியிலிருந்து

ரயரை உள்ளே எடுத்துவிட்டேன். கிரைண்டர் இனிச் சனிக்கிழமை பகலில் மட்டும்.