ஸ்கேனில் இருந்த கட்டி சி.டி.யில் இல்லை. சாட்சி சொல்லலாமா?

லேப்காரன், தக்கலை:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. சபையில். 22 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசியில் வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், கூடவே இரண்டு நாள் காய்ச்சல். டாக்டர் வயிற்று ஸ்கேன் எழுதினார். ஈரலின் வலது பக்கத்தில் 4.2 செ.மீ. அளவில் ஏதோ இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ‘எஸ்.ஓ.எல்.’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, இன்னதென்று தெரியவில்லை. அந்த மூன்று எழுத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம். சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்று டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் இரும்பை நக்கியது போல இருக்கும், ஆனாலும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். கேன்சர் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அதைச் சொன்னது என் அக்கா. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வேறு. வெள்ளிக்கிழமைதோறும் எனக்காக உபவாச ஜெபம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பதினைந்து பெண்கள் மூன்று மணி வரை இருந்தார்கள். ஐந்து வாரம் கழித்து சி.டி. எடுத்தால் ஈரல் சுத்தமாக இருக்கிறது. டாக்டர் படத்தை இரண்டு தடவை புரட்டினார், “சரி, நல்லதா போச்சு” என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

இப்போது விஷயம். வருகிற ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்வதாக, அதாவது கர்த்தர் எனக்குச் செய்ததை மேடையில் சொல்வதாக, அக்கா அறிவித்துவிட்டாள். “தம்பியின் ஈரல் புற்றுநோயைக் கர்த்தர் ஐந்தே வாரத்தில் எடுத்துப்போட்டார்” என்று தெரு முழுக்கச் செய்தி. ரிப்போர்ட்டில் இருந்த கேள்விக்குறி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

என் தொழிலில் நான் பார்த்தது ஒன்று உண்டு. பல வருடம் முன்பு ஒரே காலையில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவருக்குச் சர்க்கரை 310, இன்னொருவருக்கு 94. சீட்டு ஒட்டும்போது மாற்றி ஒட்டிவிட்டேன், என் கைதான். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து இருவரையும் போனில் பிடித்தேன். அந்த ஒரு மணி நேரம் ஒருவர் பூரண குணமடைந்தவர், மற்றவர் புது நோயாளி. 94 என்ற சீட்டைக் கையில் வாங்கியவர் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். அது இன்னும் காதில் இருக்கிறது.

இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்று நம்புகிறவன் நான். என் ஈரல் காலியாக இருந்ததற்கு மட்டும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். இது அவிசுவாசமா? கிறிஸ்தவப் பார்வையில் அற்புதம் என்று எதைச் சொல்லலாம்?

மாறாதவர் 13:8:

சகோதரரே, ஸ்தோத்திரம். “இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர்” என்று எபிரெயர் 13:8 சொல்கிறது. அன்று தொட்டுச் சுகமாக்கினவர் இன்று சும்மா இருப்பாரா? அப்போஸ்தலர் காலத்தோடு அற்புதங்கள் முடிந்துவிட்டன என்று சில சபைகளில் போதிக்கிறார்கள். அந்த எல்லையை வேதத்தில் எந்த வசனம் போட்டது என்று கேட்டால் பதில் வருவதில்லை. உங்களுக்கு மூளை அதிகம், அதுதான் சிக்கல். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான். நீங்கள் ஒன்பது பேரோடு போய்விடாதீர்கள்.

கோட்டாறு நர்ஸ்:

அண்ணா, நான் கத்தோலிக்கப் பெண். நீங்கள் அற்புதம் என்பதை நாங்கள் புதுமை என்போம். எங்கள் பக்கம் புதுமைக்குப் பஞ்சமே இல்லை, மாதா கோயில் சுவரில் ‘கேட்ட வரம் கிடைத்தது’ என்று கல்வெட்டு பதிக்க இடமில்லை. ஆனால் சபை அதிகாரபூர்வமாக ஏற்பது மிகக் கொஞ்சம்.

பிரான்சில் லூர்து இருக்கிறதே, 1858இல் மாதா காட்சி கொடுத்த இடம். அங்கே 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகமே நடக்கிறது. குணமானதாக அங்கே பதிவு செய்யப்பட்டவர்கள் 7000க்கும் மேல். ஆயர்கள் புதுமை என்று அறிவித்தவை 2025 வரை 72. நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. இதற்கான அளவுகோலை 18ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் லம்பெர்த்தினி, பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் பாப்பரசர் ஆனவர். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், தானாகவே ஆறும் கட்டத்தில் இருக்கக்கூடாது, மருந்து கொடுத்திருக்கக்கூடாது அல்லது கொடுத்தும் கேட்டிருக்கக்கூடாது, திடீரென்றும் முழுமையாகவும் குணமாக வேண்டும், திரும்பி வரக்கூடாது.

நம்ம ஊர் தேவசகாயம் பிள்ளைக்கே இந்த வழிதான். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்பதால் 2012 டிசம்பரில், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டத்துக்குப் புதுமை கேட்கவில்லை. புனிதர் பட்டத்துக்குக் கேட்டார்கள். 2013இல் இந்த மாவட்டத்தில் ஒரு தாய்க்கு 24ஆம் வாரத்தில் வயிற்றுப் பிள்ளை இறந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் தேவசகாயத்திடம் வேண்டிக்கொண்டார், பிள்ளை உயிரோடு பிறந்தது. அதை விசாரித்து முடிக்கவே வருடங்கள் ஆயின. 2020 பிப்ரவரியில்தான் பாப்பரசர் பிரான்சிஸ் ஏற்றார், 2022 மே 15 அன்று புனிதர் பட்டம்.

உங்கள் ஃபைலை ரோமுக்கு அனுப்பினால் முதல் மேசையிலேயே திரும்பிவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சதை எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் என்ன நோய் என்றே தெரியாது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள். ஈரலில் ஓரிடத்தில் மட்டும் கொழுப்பு படிந்தால் சாதாரண ஸ்கேனில் கட்டி போலவே தெரிவதுண்டு. அதற்காகக் கடவுள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அதைப் புதுமை என்று சொல்ல உங்களிடம் தாள் இல்லை.

சின்னமலை தாமஸ்:

நான் கோயிலுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. கொஞ்சம் வெளியே நின்று பேசுகிறேன்.

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748இல் கேட்டது சின்னக் கேள்வி. ஒருவர் வந்து அற்புதம் நடந்தது என்கிறார். அவர் சொல்வது பொய்யாகவோ தவறாகவோ இருப்பது, அந்த அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமா? அப்படியிருந்தால் மட்டும் நம்பு என்றார். லேப்காரரே, நீங்கள் சீட்டு மாற்றி ஒட்டிய கதையே இதற்கு விடை. ஸ்கேன் தப்பாவது தினமும் நடக்கிறது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கை இதுவரை நடந்தபடியே நாளையும் நடக்கும் என்பதற்குத் தர்க்கப்படி நிரூபணம் இல்லை என்று சொன்னவரும் அதே ஹியூம்தான். ஆகவே அற்புதம் நடக்கவே முடியாது என்று அவரை வைத்துக்கொண்டு யாரும் அடித்துப் பேச முடியாது. உலகத்தைப் படைத்த ஒருவர் இருந்தால், அவர் கை வைப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. என் சண்டை அதோடு இல்லை, கணக்கோடு. 2016இல் என் அம்மாவுக்கும் இதே மாதிரி வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள். அம்மா ஜூலையில் போய்விட்டாள். எந்தக் கூட்டத்திலும் யாரும் மேடையேறி அதைச் சொல்லவில்லை. கிடைத்தவர்கள் மட்டும் மைக் பிடித்தால் எல்லோருக்கும் கிடைத்த மாதிரித்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற போதகர்:

தம்பி தாமஸ், உங்கள் தாயாரைப் பற்றிச் சொன்னதற்கு முதலில் வருகிறேன். லேப்காரத் தம்பி காத்திருக்கட்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொல்கிறான். இரண்டாம் வசனம், ஒரே வரி. ஏழாம் வசனத்தில் தூதன் வந்து பேதுருவைத் தட்டி எழுப்ப, சங்கிலி கழன்று விழுகிறது. பேதுருவுக்காகச் சபை ஜெபித்தது என்று எழுதியிருக்கிறது. யாக்கோபுக்காக மட்டும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஏன் ஒருவருக்கு வாள், ஒருவருக்குத் தூதன் என்று அதை எழுதிய லூக்கா விளக்கவில்லை. ஆனால் யாக்கோபின் வரியை அவர் அழிக்கவில்லை, பாருங்கள். பவுலும் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டு வந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நம்முடைய சாட்சிக் கூட்டங்கள் இந்த வரிகளை விட்டுவிட்டன. 34 வருடம் ஊழியத்தில் நானும் விட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி ஒருவர் மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி லேப்காரத் தம்பிக்கு. அற்புதம் என்றதும் இயற்கையின் சட்டம் உடைவதாக நினைக்கிறோம். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியதைப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு ‘முதலாம் அற்புதம்’ என்கிறது, புது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘முதல் அரும் அடையாளம்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது அடையாளம் என்ற சொல்தான். வழிகாட்டிப் பலகை மாதிரி, ஊர் வேறெங்கோ இருக்கும். இதே கானாவைப் பற்றி ஆதித் திருச்சபையின் ஆசான் அகுஸ்தீன் பேசும்போது, வருஷாவருஷம் மழைத்தண்ணீரைக் கொடியில் ஏற்றித் திராட்சரசமாக்குகிறவர்தான் அன்று ஜாடியில் ஆக்கினார், தினம் நடப்பதால் முதலாவதைப் பார்த்து நாம் வியப்பதில்லை என்கிறார். அதனால் மாத்திரையா கர்த்தரா என்று நான் பிரிப்பதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்யூரில் 1838இலேயே மிஷன் வைத்தியம் தொடங்கியது. அவர்கள் ஜெபித்துவிட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

சோதித்துப் பார்ப்பது அவிசுவாசமா என்றீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய கையோடு, போய் ஆசாரியனிடம் காண்பி என்று இயேசு அனுப்புகிறார். லேவியராகமம் 14ஐப் படியுங்கள், ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்த்து, குணமானவன் ஏழாம் நாள் முடி சிரைத்து, எட்டாம் நாள்தான் காரியம் முடியும். உங்கள் பாஷையில் சொன்னால் ரீ-டெஸ்ட்.

யோபு 13இல் ஒரு கேள்வி வரும். தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசவேண்டுமோ என்று நண்பர்களை யோபு கேட்கிறார். அவர்கள் கடவுள் பக்கம் பேசியவர்கள்தான்! அக்காவின் அன்பு பெரிது. ஆனால் ‘புற்றுநோய்’ என்ற சொல்லை நீங்கள் சேர்க்கவேண்டாம்.

மாறாதவர் 13:8:

ஐயா சொன்ன யோபு வசனம் எனக்கும் சேர்த்துத்தான், ஏற்றுக்கொள்கிறேன். நர்ஸ் சகோதரி கவனத்துக்கு: மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆள் நானில்லை. என் மனைவிக்குக் காலையில் இன்சுலின் போட்டுவிடுவதே நான்தான். தாமஸ் சகோதரா, அம்மாவைப் பற்றி வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

லேப்காரன், தக்கலை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முடிந்தது.

இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். முதல் தாளை அப்படியே வாசித்தேன், கேள்விக்குறி உட்பட. மாத்திரை சாப்பிட்டதையும் வாயில் இருந்த இரும்புக் கசப்பையும் சொன்னேன். இரண்டாவது தாளை வாசித்தேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஐந்து வெள்ளிக்கிழமை பதினைந்து பேர் எனக்காகப் பட்டினி கிடந்தது மட்டும் தெரியும், இரண்டுக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். மொத்தம் மூன்று நிமிடம். ‘அல்லேலூயா’ கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கடைசியில், போன வருடம் நம் சபையில் இதே உபவாசம் இருந்தும் போய்விட்ட இரண்டு பேரின் பெயரையும் சொன்னேன். தாமஸ் எழுதாமலிருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது. அதில் ஒருவரின் மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தார். கூட்டம் முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை. செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அக்காவுக்குத்தான் கோபம். “கேள்விக்குறியை வாசிக்கத்தான் உன்னை மேடையேத்தினேனா?” என்று கேட்டவள் அப்புறம் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று மதியம் மருமகன் கையில் ஒரு தூக்குப் பாத்திரம் வந்தது, சாளைக் குழம்பு. மூடியின் மேல் சுற்றியிருந்த தாளில் ‘அடுத்த ஸ்கேன் தேதி என்ன?’ என்று அவள் கையெழுத்து. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.