லாஞ்ச் எடுக்கும்போது பின் ஆக்சில் துள்ளுகிறது (1990 மஸ்டாங் 5.0): சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றுவது?

ஐந்துலிட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1990 மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 ஹேட்ச்பேக், டி-5 கியர்பாக்ஸ், 8.8 இஞ்சு பின் ஆக்சில், அதில் 3.73 கியர். எஞ்சினில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, எக்ஸாஸ்டும் ஏர் ஃபில்டரும் மட்டும்தான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் நாலு பக்கமும் ஒன்றரை இஞ்சு இறக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறார். இருப்பது டல்லாஸ் பக்கம், ஓட்டுவது எனிஸில் இருக்கும் டெக்சாஸ் மோட்டர்பிளெக்ஸ் டிராக் ரேஸ் தடத்தில், வண்டியைச் சோதித்துப் பார்க்க டெஸ்ட் அண்ட் டியூன் வைக்கும் நாட்களில்.

லாஞ்சில், அதாவது நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப, 3500 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டால் பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. டயர் சும்மா சுற்றிப் புகை வருவது வேறு, அது எனக்குத் தெரியும். இது பின் சீட்டுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருக்கிறது, காலை எடுத்தால்தான் நிற்கிறது. ஓட்டி முடித்ததும் கடைசியாகக் கொடுத்த நேரச் சீட்டில் முதல் 60 அடி 2.31 நொடி, கால் மைல் 14.42 நொடி, முடிவில் 99 மைல் வேகம். டயர் சாதாரண 225 தெரு டயர்.

ஒரு கடையில் கேட்டேன், டிராக்‌ஷன் பாரும் முன்னால் 90/10 ஸ்ட்ரட்டும் (எளிதில் எழும்பி மெதுவாக இறங்கும் ஷாக்) போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். தினமும் ஓட்டும் வண்டி இல்லை, ஆனால் சனி ஞாயிறு மனைவியும் மகளும் இதில்தான் வருவார்கள், அதனால் ரோட்டில் பயமில்லாமல் ஓட்டும்படி இருக்க வேண்டும். கையில் 1000 டாலர் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

ரேடியல்_ரசிகன்:

ப்ரோ, 225 தெரு டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைப் பற்றி யோசிப்பதே வீண். 15 இஞ்சு வீலில் 255/60 டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கான ஒட்டும் டயர்) போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய_ஃபாக்ஸ்:

தம்பி, டயரை இப்போது வாங்காதே. துள்ளும் ஆக்சிலில் ஒட்டும் டயரைப் போட்டால் துள்ளல் நிற்காது, அடிதான் பெரிதாகும். அந்த அடி டி-5 கியர்பாக்ஸுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் போகும், டி-5 அதைத் தாங்கும் பெட்டி இல்லை. முதலில் துள்ளலை நிறுத்து, டயர் அப்புறம்.

உன் நேரச் சீட்டே பாதி பதிலைச் சொல்கிறது. 99 மைல் வேகத்தில் முடிக்கிற வண்டி 13.7 பக்கம் ஓட வேண்டும். எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது, நேரம் முழுக்க முதல் 60 அடியில் போகிறது. அங்கே 0.1 நொடி குறைந்தால் கால் மைலில் 0.15 முதல் 0.2 வரை குறையும். இதை நம்பித் திட்டம் போடலாம்.

கடைக்காரர் சொன்ன டிராக்‌ஷன் பார் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) வண்டிக்கு உரியது. பழைய கமாரோ, நோவாவில் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டை ‘S’ மாதிரி வளைவதைத் தடுக்க அது வேண்டும். உன் வண்டியில் காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பாடியோடு இணைக்க நாலு ஆர்ம்: மேலே இரண்டு அப்பர், கீழே இரண்டு லோயர். ஆக்சிலைப் பிடித்து வைப்பதே அந்த நாலு ஆர்ம்தான், அதனால் பார்க்க வேண்டியது அங்கே.

லோயர் ஆர்மை எடுத்துக்கொள். டயர் தரையைத் தள்ளும்போது வண்டியை முன்னால் தள்ளுகிற விசையில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. கம்பெனி உயரத்தில் அது ஏறக்குறைய மட்டமாக இருக்கும். வண்டியை இறக்கினால் பாடியில் இருக்கும் முன் போல்ட் கீழே வந்துவிடும், ஆக்சிலில் இருக்கும் பின் போல்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். இப்போது ஆர்ம் முன்பக்கம் சரிந்திருக்கிறது, அப்படியானால் ஆக்சில் தள்ளுகிற தள்ளல் பாடியை முன்னாலும் கீழேயும் சேர்த்துத் தள்ளும். பின்பக்கம் உட்காரும், டயரைத் தரையில் அமுக்க வேண்டிய விசை கிடைக்காது. முன் போல்ட் கொஞ்சம் உயரமாக இருந்தால் இதுவே தலைகீழ்: பாடியைத் தூக்கப் பார்க்கும், அந்தத் தூக்கலுக்கு எதிர்விசையாக டயர் தரையில் அழுந்தும். அப்பர் ஆர்மின் கோணமும் இதில் உண்டு. பக்கவாட்டில் இருந்து பார்த்து மேல், கீழ் ஆர்ம்களின் கோடுகளை முன்னால் நீட்டினால் அவை எங்கே சந்திக்கின்றனவோ அந்தப் புள்ளிதான் கணக்கு. லோயர் ஆர்ம் சரியச் சரிய அந்தப் புள்ளியும் கீழே போய்விடும்.

அதனால் காசு எடுப்பதற்கு முன் அளந்து பார். மட்டமான தரையில், நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது, பெட்ரோல் பாதி டேங்க், லோயர் ஆர்மின் முன் போல்ட் நடுவும் பின் போல்ட் நடுவும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுது. ஜாக்கியில் தூக்கி அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வெல்டிங்_மேசை:

அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. கீழே போகும்போது டார்ச் கொண்டு போய் டார்க் பாக்ஸைப் பாருங்கள், ஆர்ம்கள் பாடியில் வந்து சேருமே அந்தத் தகடுப் பெட்டி. ஃபாக்ஸ் பாடியில் (உங்கள் மஸ்டாங்கின் தலைமுறைக்கு அந்தப் பெயர்) மேல் பெட்டி கிழிவது சகஜம். ஸ்பாட் வெல்ட் புள்ளிகளைச் சுற்றி பெயின்ட் வெடித்திருக்கிறதா, மெல்லிய துருக்கோடு ஓடுகிறதா என்று கவனியுங்கள். பின் சீட்டின் அடிப்பகுதியைக் கழற்றி உள்ளே இருந்தும் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்தச் சம்மட்டிச் சத்தம் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சிவிக்_இகே:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது முன்சக்கரத்தில் ஓடும் சிவிக், எனக்கும் துள்ளல் உண்டு. இதே வழிதானா?

பழைய_ஃபாக்ஸ்:

இல்லை தம்பி, உனக்கு ஏறக்குறைய எல்லாமே எதிர். கிளம்பும்போது எடை பின்னால் போகும், உன் இழுவையோ முன்னால் இருக்கிறது. அதனால் மூக்கு எழும்பாமல் பார்க்க வேண்டும்: பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் கடினமாக, முன் ஷாக் எழும்பும் பக்கம் கடினமாக. துள்ளலுக்கு முதலில் எஞ்சின் மவுண்ட்டையும் முன் லோயர் ஆர்மின் புஷ்ஷையும் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்) பார். ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சினே முன்னும் பின்னும் ஆடி டயரைத் துள்ள வைக்கும். தனி இழை போடு, விவரமாகப் பேசலாம்.

ஐந்துலிட்டர்:

அளந்துவிட்டேன். முன் போல்ட் பின் போல்ட்டை விட ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இருக்கிறது, இரண்டு பக்கமும் அப்படித்தான். லோயர் ஆர்ம் கம்பெனியில் வந்ததுதான், கீழ்ப்பக்கம் திறந்த தகடு. ஆக்சில் மேல் இருக்கும் அப்பர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் வெடித்து ஒரு பக்கம் இரும்பு தெரிகிறது.

அப்புறம் டார்க் பாக்ஸ். வலப்பக்கம் மேல் பெட்டியில் மூன்று ஸ்பாட் வெல்டைச் சுற்றி பெயின்ட் வெடித்திருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து நெம்பினால் தகடு முடி அளவு விலகுகிறது. இப்போது என்ன செய்ய?

வெல்டிங்_மேசை:

இதைச் சரிசெய்யும் வரை லாஞ்ச் எடுக்காதீர்கள், மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம். ஃபாக்ஸ் பாடிக்கென்றே வலுவூட்டும் தகடுகள் செட்டாகக் கிடைக்கின்றன, மேல் கீழ் இரண்டுக்கும் வாங்குங்கள். போல்ட்டில் மாட்டுகிற வகையும் உண்டு, ஆனால் உங்களுக்குத் தகடு ஏற்கெனவே விலகியிருப்பதால் வெல்ட் வைப்பதுதான் சரி. பெயின்ட்டையும் அடியில் பூசிய தாரையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் பெட்ரோல் டேங்கும் குழாயும் இருக்கின்றன, உள்ளே கார்ப்பெட்டையும் சீட்டையும் முழுதாக எடுத்துவிட வேண்டும். வெல்டிங் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத பெயின்ட் அடியுங்கள்.

பழைய_ஃபாக்ஸ்:

சரி, இப்போது வரிசை தெளிவாகிவிட்டது. பெட்டியை வெல்ட் செய்வதுதான் முதல் வேலை, அதில் பேச்சே இல்லை.

அப்புறம் கோணம். லோயர் ஆர்மின் பின் போல்ட்டைக் கீழே இறக்கும் பிராக்கெட் விற்கிறார்கள், பலர் உடனே அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஃபாக்ஸில் ஸ்பிரிங் உட்காருவது லோயர் ஆர்மின் மேலேயே. ஆர்மை இறக்கினால் ஸ்பிரிங்கும் இறங்கும், வண்டி இன்னும் தாழ்ந்துவிடும், அப்புறம் உயரத்தை மாற்றக்கூடிய ஆர்ம் வாங்க வேண்டும், செலவு அடுக்கிக்கொண்டே போகும். உனக்கு நான் சொல்வது: பின்னால் கம்பெனி உயரத்து ஸ்பிரிங்கைத் திரும்பப் போடு. பழைய மஸ்டாங்கைப் பிரிக்கும் எவரிடமும் மலிவாகக் கிடைக்கும். ரோட்டிலும் சொகுசாக இருக்கும், உன் மகள் பின்னால் உட்கார்ந்து வருகிறாளே.

அடுத்தது ஆர்ம். அந்தத் திறந்த தகடு ஆர்ம் லாஞ்சில் முறுக்கும், புஷ்ஷும் சேர்ந்து சுருங்கும், பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் விட்டுவிடும், டயர் பிடியை இழக்கும், மறுபடி பிடிக்கும். உனக்குக் கேட்கிற தடதட அதுதான். பெட்டி மாதிரி மூடிய, அல்லது குழாயில் செய்த லோயர் ஆர்ம், பாலியூரித்தேன் புஷ்ஷோடு வாங்கு. அப்பர் ஆர்மில் மட்டும் பாலி வேண்டாம். மேல் ஆர்ம்கள் சாய்வாக நிற்பவை, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பதும் அவைதான், அங்கே கடினமான புஷ் போட்டால் வளைவில் ஆக்சில் இறுகிக்கொண்டு பின்பக்கம் சட்டென்று வழுக்கும். ஆக்சிலில் புது ரப்பர் புஷ் அடித்தால் போதும். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஆக்சிலுக்குப் பின்னால் படுக்கையாக இரண்டு சின்ன ஷாக் இருக்குமே, அதைக் கழற்றாதே. ஃபோர்டு அதை வைத்ததே துள்ளலை அடக்கத்தான். எண்ணெய் கசிந்தால் மாற்று.

90/10 ஸ்ட்ரட் உனக்கு வேண்டாம். எழும்ப விடும், இறங்க விடாது, டிராக்கில் அது நல்லது. ரோட்டில் மேடு பள்ளத்தில் மூக்கு மேலேயே நின்றுவிடும், பிரேக் அடிக்கும்போது பயமாக இருக்கும். குடும்பம் வரும் வண்டிக்கு அது கூடாது. பிறகு காசு இருந்தால் கடினத்தைத் திருகி மாற்றுகிற ஸ்ட்ரட் வாங்கு.

முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: டிராக்கில் முன் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கைக் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவை. மூக்கு தடையில்லாமல் எழும்பும். வீட்டுக்குக் கிளம்பும் முன் கண்டிப்பாகத் திரும்ப மாட்டு.

ஐந்துலிட்டர்:

வெல்டிங் முடிந்தது, பழைய ஸ்பிரிங், புது லோயர் ஆர்ம், ரப்பர் புஷ் எல்லாம் போட்டாகிவிட்டது. இப்போது லோயர் ஆர்மின் முன் போல்ட் கொஞ்சம் உயரமாக இருக்கிறது. அதே 225 டயரில் ஓட்டினேன். துள்ளல் அறவே இல்லை! டயர் சுற்றுகிறது, ஆனால் அமைதியாகச் சுற்றுகிறது. 2500-இல் கிளட்சைக் கொஞ்சம் நழுவவிட்டதில் 60 அடி 2.12, முடிவு 14.08.

ரேடியல் ரசிகன் ப்ரோ, இப்போது உங்கள் டயரை வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

ரேடியல்_ரசிகன்:

இப்போது தாராளமாக வாங்குங்கள் ப்ரோ, அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. 18 பிஎஸ்ஐயில் தொடங்கி ஒன்றொன்றாக மாற்றிப் பாருங்கள். தண்ணீர்ப் பெட்டிக்குள் (பர்ன்அவுட்டுக்கு, அதாவது டயரைச் சுற்றவிட்டுச் சூடாக்க, நனைக்கும் இடம்) போகாமல் சுற்றிப்போய், பின்பக்கம் மட்டும் ஓரத்தில் நனையும்படி நில்லுங்கள், முன் டயரின் பள்ளத்தில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்க் கிளம்பும் கோட்டில் ஊற்றினால் உங்களுக்கும் அடுத்து வருபவருக்கும் கெடுதல். பர்ன்அவுட் லேசான புகை வந்ததும் நிறுத்திவிடுங்கள், ரேடியலை அதிகம் சூடாக்கினால் வழுக்கத்தான் செய்யும். 13.99 அல்லது அதற்குக் கீழே போனால் என்எச்ஆர்ஏ (டிராக் ரேஸ் நடத்தும் அமைப்பு) விதிப்படி ஹெல்மெட் கட்டாயம், இப்போதே எடுத்து வையுங்கள்.

ஐந்துலிட்டர்:

60 அடி 1.86! முடிவு 13.61, 100 மைல். நண்பர் தரையோடு ஃபோனை வைத்துப் பக்கவாட்டில் வீடியோ எடுத்தார். கிளம்பும்போது இடப்பக்க டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி லேசாக விரிகிறது, வலப்பக்கம் உட்காருகிறது. தரையில் பார்த்தால் வலப்பக்க டயரின் கறுப்புத் தடம் நீளமாக இருக்கிறது, இடப்பக்கம் சின்னது. வலப்பக்கம்தான் உட்காருகிறதே, பிறகு ஏன் அதுவே சுற்றுகிறது?

பழைய_ஃபாக்ஸ்:

அருமை! வீடியோவை இப்படித் தரையோடு எடுத்ததுதான் சரி.

பாடி உட்காருவதை வைத்து டயரில் எடை இருக்கிறது என்று நினைக்காதே. பின்னால் நின்று பார்த்தால் டிரைவ் ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்த முறுக்கு ஆக்சில் ஹவுசிங்கின் இடப்பக்கத்தைத் தரையில் அமுக்கி வலப்பக்கத்தைத் தூக்கும். பாடி எதிர்ப்பக்கம் சாய்ந்து வலது ஸ்பிரிங்கை அமுக்குகிறது, அதுதான் ஈடுகொடுக்கும். ஆனால் பாடியின் சாய்வில் ஒரு பங்கை முன் ஸ்பிரிங்குகள் தாங்கிவிடுவதால் பின்னால் முழு ஈடு கிடைப்பதில்லை. அதனால் வலது டயர் லேசாகிச் சுற்றுகிறது.

பின் ஸ்பிரிங்குக்கு உள்ளே வைக்கும் காற்றுப்பை ஒரு ஜோடி வாங்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனி வால்வ், இரண்டையும் ‘டி’ போட்டு இணைக்காதே, இணைத்தால் காற்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடி எல்லாம் வீணாகும். வலது 8, இடது 3 பிஎஸ்ஐயில் தொடங்கு, வலப்பக்கத்தை மட்டும் இரண்டிரண்டாக ஏற்று, இரண்டு தடமும் ஒரே நீளமாக வந்ததும் நிறுத்து. அதற்கு மேல் ஏற்றினால் கிளம்பும்போது மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் 5-க்குக் கொண்டுவந்துவிடு.

இதற்குப் பிறகும் வலது மட்டும் சுற்றினால் டிராக்‌ஷன்-லாக்கின் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம், இத்தனை வருட வண்டியில் அது சகஜம். இன்னொன்று, இந்த டயரோடு 5000-இல் கிளட்சைப் படக்கென்று விடாதே. 60 அடியில் 1.8-க்கும் கீழே போக ஆசை வந்தால் கியர்பாக்ஸுக்குக் காசு சேர்த்துவிட்டுத்தான்.

ஐந்துலிட்டர்:

புரிந்தது அண்ணா, இடைவெளியைப் பார்த்து நான் நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தேன். பை ஆர்டர் போட்டுவிட்டேன், தனித்தனி வால்வ் வருகிற செட். வந்ததும் தடத்தின் படமும் சீட்டும் இங்கேயே போடுகிறேன்.