அபிஸ்டோ கலவையில வந்த 6 மீன்: எது எந்த இனம்?

கல்லடித் தொட்டி:
"அபிஸ்டோ மிக்ஸ்" (அபிஸ்டோகிராமா எண்ட தென்னமெரிக்கக் குள்ளச் சிக்லிட் மீன்களின் கலவை) எண்டு வந்த பையில 6 மீன் இருக்கு. தொட்டி 60×30×30 சென்ரிமீற்றர். கல்லடிக் கிணத்துத் தண்ணி, ரிடிஎஸ் (கரைஞ்ச உப்பின் அளவு) 480, பிஎச் 7.8, வெப்பம் 29 பாகை. ரெண்டு மீன் ஆண் எண்டு தெளிவாத் தெரியுது. ஒண்டுக்கு வால் ஈட்டிமுனை போல ஒரே கூர், ஓரத்துக்கு உள்ளால வெள்ளைக் கோடு. மற்றதுக்கு வாலில ரெண்டு கூர், செம்மஞ்சள் நிறம், முதுகுச் செட்டையின் முன்பக்கம் கொண்டை மாதிரி நீண்டு நிக்குது. மிச்சம் நாலும் 3 சென்ரிமீற்றர் அளவு, மஞ்சள். கடையில முதலாவதை அகாசிசி, ரெண்டாவதை "ட்ரிபிள் ரெட்", மஞ்சள் எல்லாம் பெண் எண்டு சொல்றாங்க. எந்தப் பெண் எந்த ஆணுக்குரியது எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? கலப்புக் குஞ்சு வரக் கூடாது.

வாவிக்கரை:
தம்பி, முதலாவது அகாசிசிதான். ரெண்டாவது அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்ட்ஸ். "ட்ரிபிள் ரெட்" இனப்பெயர் இல்லை, வளர்ப்பாளர்கள் தெரிஞ்செடுத்து உருவாக்கின நிற வகை. முதுகு, வால், குதம் மூண்டு செட்டையிலயும் சிவப்பு எண்டு அர்த்தம்.

நிறத்தை வச்சு இனம் சொல்ல வெளிக்கிட்டா பிழைக்கும். கறுப்பு வரைவைப் பாருங்க. கண்ணுக்குப் பின்னால இருந்து உடம்பு நீளத்துக்கும் ஒரு பக்கக்கோடு ஓடும். அகாசிசியில அது வாலடியில நிக்காம வால்செட்டைக்குள்ளயும் போகும், பெண்ணிலயும் அப்பிடித்தான். ககாட்டுவாய்ட்ஸில அந்தக் கோட்டுக்குக் கீழ, வயித்துப் பக்கம் 2, 3 மெல்லிய கோடு சமாந்தரமா இருக்கும். உதடும் தடிப்பு.

ஒரு சிக்கல் இருக்கு. முட்டை காக்கிற பெண் கடும் மஞ்சளா மாறேக்க பக்கக்கோடு உடைஞ்சு நடு உடம்பில ஒரு கறுப்புப் புள்ளியாச் சுருங்கிடும். அந்த நேரம் எல்லா இனத்துப் பெண்ணும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அதனால அமைதியா நீந்திற நேரத்தில ஒருக்கா, வலையில மாத்தின உடனே ஒருக்கா பாருங்க.

படம் எடுக்க 15 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலமான சின்னக் கண்ணாடிப் பெட்டி போதும். பின்னால சாம்பல் கடதாசி, வெளிச்சம் மேலயிருந்து. ஆணுக்கு முன்னால ஒரு நிமிஷம் முகக்கண்ணாடி பிடிச்சா செட்டை எல்லாத்தையும் விரிச்சுக் காட்டும். வால் முழுசா விரியாத படத்தை வச்சு யாரும் சரியாச் சொல்ல ஏலாது.

கல்முனை மீன்பிரியன்:
நாலும் பெண் எண்டு முடிவெடுக்காதீங்க தம்பி. பெரிய ஆண் இருக்கிற தொட்டியில சின்ன ஆண்கள் அடி வாங்காமத் தப்பப் பெண்ணின் நிறத்திலயே இருந்திடும். வயித்துச் செட்டையைப் பாருங்க: முன்விளிம்பு கறுப்பா இருந்தா பெரும்பாலும் பெண். முதுகுச் செட்டையின் பின்நுனி கூராப் போகத் தொடங்கியிருந்தா ஆண்.

இன்னொண்டு, செம்மஞ்சள் குரோமைட்டையும் சில இடத்தில குள்ளச் சிக்லிட் எண்டு விக்கிறாங்க. அது இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் உவர்நீரில வாழுற மீன். குதச்செட்டையில முள்ளை எண்ணினா குழப்பம் தீர்ந்திடும்: அபிஸ்டோவுக்கு 3தான் வழமை, குரோமைட்டுக்கு 12 அல்லது அதுக்கு மேல.

கல்லடித் தொட்டி:
நன்றி அண்ணே, நானா. பெட்டியில போட்டுப் பார்த்தன். ரெண்டில கோடு வாலுக்குள்ள போகுது. ஒண்டில வயித்துக் கோடுகள், வயித்துச் செட்டை முன்விளிம்பும் கறுப்பு. நாலாவதில வயித்துச் செட்டையில கறுப்பே இல்லை. வாலடியில அகலமான செவ்வகக் கறுப்புப் புள்ளி, வாலின் மேல் கீழ் ஓரம் லேசாச் சிவக்குது. படத்தைப் பார்த்த ஒருத்தர் "விஹிட்டா" எண்ட வேற அபிஸ்டோ இனம் எண்டார்.

வாவிக்கரை:
நாலாவது வளருற ஆண். மக்மாஸ்டெரி கூட்டத்து மீன், அதாவது மக்மாஸ்டெரியும் அதுக்குக் கிட்டின அபிஸ்டோ இனங்களும் சேர்ந்த கூட்டம். மக்மாஸ்டெரி, விஹிட்டா ரெண்டையும் மீனியல் ஆய்வாளர் குல்லாண்டர் 1979இல விபரிச்சார். ரெண்டும் கொலம்பியாவின் மெட்டா ஆற்றுப் பக்கம். விஹிட்டா எண்டு கடைக்கு வாறதில பெரும்பாலானது மக்மாஸ்டெரியின் வளர்ப்பு வகைதான். பிடிச்ச இடம் தெரியாத மீனுக்கு "மக்மாஸ்டெரி கூட்டம்" எண்டு மட்டும் எழுதி வைக்கிறது நேர்மை. இன்னும் 2 மாதத்தில குதச்செட்டை அடிக்கு மேல சிவப்புத் திட்டு வந்தா அதே கூட்டத்து ஹொங்ஸ்லோய் இனத்தின் பக்கமும் யோசிக்க வேணும்.

கல்முனை மீன்பிரியன்:
உங்கட தொட்டி ஒரு இனத்துக்குத்தான் காணும். ககாட்டுவாய்ட்ஸ் சோடியை அதில விடுங்க, அது உங்கட கிணத்துத் தண்ணியைத் தாங்கும். அகாசிசியை வேற தொட்டிக்கு மாத்துங்க. வன்தண்ணியில அது உயிரோட இருந்தாலும் முட்டை பொரியாது, பூஞ்சணம் பிடிக்கும். கிணத்துத் தண்ணி 1 பங்கு, மாரி மழைத்தண்ணி 3 பங்கு கலந்தா ரிடிஎஸ் 130க்குக் கிட்ட வரும். கூரையில முதல் அரை மணி நேரம் வடியிற தண்ணியை விட்டிட்டுப் பிறகு பிடியுங்க. ஒரே நாளில மாத்தாதீங்க, 3 நாளுக்கு ஒருக்கா பத்தில ஒரு பங்கு.

முட்டையிட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிரட்டை, விளிம்பில 2.5 சென்ரிமீற்றர் வெட்டிக் கவிழ்த்து வையுங்க. வாசல்கள் ஒண்டையொண்டு பார்க்கக் கூடாது. கச்சான் காலத்தில தண்ணி 30 பாகைக்கு மேல போனா குஞ்சில ஆண் கூடிடும். மூடியைத் திறந்து தண்ணிக்கு மேலால சின்ன மின்விசிறி பிடிச்சா 2 பாகை இறங்கும். திறந்த இடத்துக்கு வலை போடுங்க, அபிஸ்டோ பாயும்.