வெட்ட மனசு வராத மல்லிச்செடி

எங்கள் வீட்டில் குண்டுமல்லி வைத்தது 2019-இல். மதுரைப் பக்கம் மல்லி போடுகிறவர்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள தங்கச்சிமடத்துக் கன்று என்றுதான் கேட்டு வாங்குவார்கள். நானும் அப்படியே இரண்டு வாங்கி, குழியில் மக்கிய சாண எரு போட்டு, வாசலோரம் வேம்புக்குப் பக்கத்தில் நட்டேன். இரண்டு வருஷம் வெறும் இலைதான். கிளைகள் நிழலுக்குள்ளேயே நீண்டுகொண்டு போயின. சித்திரையில்கூட ஏழெட்டுப் பூவுக்கு மேல் பார்த்ததில்லை.

தெருமுனையில் பூக்கட்டும் அக்கா ஒருநாள் வந்து பார்த்தார். "ஏம்மா, இத ஒருதடவகூட வெட்டலயா? புதுக் கெளையிலதான் மொட்டு வைக்கும். கார்த்திகையில முழங்கா ஒயரத்துக்கு வெட்டி விடு."

பச்சைப் பசேலென்று நிற்கிற செடியை வெட்ட எனக்குக் கை வரவில்லை. நவம்பர் கடைசியில் அக்காவே கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெட்டினார். மிச்ச இலையையும் உருவிவிட்டார். வேம்பின் தாழ்ந்த கிளைகளை நான் கழித்தேன். மூட்டில் சாண எருவும் வேப்பம்புண்ணாக்கும் வைத்தேன். பொங்கல் வரைக்கும் காலையில் எழுந்ததும் அந்தக் குச்சிகளைத்தான் போய்ப் பார்ப்பேன்.

மாசிக் கடைசியில் துளிர் நுனிகளில் மூன்று மூன்றாக மொட்டு. நடு மொட்டு முந்திக்கொண்டு பருக்கும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். பங்குனி, சித்திரையில் தினம் ஒரு ஆழாக்கு கிடைத்தது. வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். நன்றாக வெளுத்த மொட்டாக இருக்க வேண்டும். பச்சை ஓடியதைப் பறித்தால் சாயங்காலம் மலராது.

தொந்தரவும் இருந்தது. சில மொட்டுகளில் துளை, நூலாம்படை மாதிரி பின்னல், உள்ளே புழு. அவற்றைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கலந்து இலையில் அடித்ததும், அடுத்து வந்த இலைகள் தெளிந்தன. இலை வெளுத்தால் உடனே உரத்தைக் கொட்டாதீர்கள், முதலில் நரம்பைப் பாருங்கள்.

வெட்டிய குச்சிகளில் எட்டை மணலில் ஊன்றியிருந்தேன். மூன்று பிடித்தது. ஒன்று இப்போது அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது.