செராமிக் பூசிய பிஸ்டன், மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் விழுந்துவிட்டது

அண்ணன்மாரே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வண்டி 2009 ஹைலக்ஸ், 3.0 லிட்டர் 1கேடி இன்ஜின். போன தீபாவளிக்கு முன்பு முழுசாக இறக்கி, பிஸ்டன் தலைக்குச் செராமிக் பூச்சு, ஸ்கர்ட்டுக்கு (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) கிராஃபைட் பூச்சு, பெரிய டர்போ எல்லாம் போட்டோம். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், 28 பிஎஸ்ஐ. முதல் 3,000 கிலோமீட்டர் தங்கம் மாதிரி ஓடியது, தோட்டத்து மேட்டில் செம்பனைக் குலை ஏற்றினால்கூட மூச்சு வாங்காது.

இப்போது நீலப்புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது, எண்ணெய் மூடியைத் திறந்து மேலே வைத்தால் உள்ளிருந்து வரும் வாயு தள்ளித் தட்டுத்தட்டென்று ஆடுகிறது.

டர்போ சீல் மாற்றியாயிற்று, இன்ஜெக்டர் நாலையும் சோதித்தாயிற்று. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்க அழுத்தம்) மற்ற மூன்று சிலிண்டரிலும் 29 பார், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 21. கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பார்த்தால் 27க்கு ஏறுகிறது, ஆக கோளாறு வால்வில் இல்லை, பிஸ்டன் ரிங் பக்கம்தான். குளோ பிளக் துளை வழியாக கேமரா விட்டுப் பார்த்தபோது பிஸ்டன் குழியின் விளிம்பில் நகத்தளவு பூச்சு பெயர்ந்திருக்கிறது, சுவரில் நேர்க்கோடாகக் கீறல். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளியைப் பூச்சுக்கு முன் அளந்தார்களா பின் அளந்தார்களா என்று பட்டறையில் கேட்டால் போர்மேன் சிரிக்கிறார், அதுதான் எரிச்சல்.

எப்படியும் இறக்கத்தான் வேண்டும். சிலிண்டரை போர் செய்து (உள்சுவரைக் கடைந்து) புது பிஸ்டன் போடும்போது தலைக்கு மறுபடி செராமிக் பூசலாமா, இல்லை ஸ்கர்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்வதா? டீசலில் செய்து ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.